மென்சக்தி என்றால் என்ன? மெஸ் பலகையிலிருந்து கீழூர் வரை

புதுச்சேரி லாஸ்பேட்டையில் சாயங்கால நேரம் போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு அரசியலமைப்புப் பாடம் எடுக்கிறேன். போன வாரம் ஒரு தம்பி கேட்டான்: "சித்தாந்தம் உள்ள நாடுன்னா சீனா, வடகொரியா மாதிரிதானே சார்? நமக்கு அதெல்லாம் கிடையாதே?" பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண், "மென்சக்தின்னா யோகாவும் சினிமாவும், அவ்வளவுதானே சார்?" என்றாள். இரண்டு பேர் மேலும் தப்பில்லை. தொலைக்காட்சி விவாதங்களில் இந்தச் சொற்களை அப்படித்தான் புழங்குகிறார்கள். அன்றைக்கு மணி அடித்துவிட்டது, முழுசாகப் பதில் சொல்ல முடியவில்லை. வகுப்பில் விட்டுப்போனதை இங்கே எழுதுகிறேன். முன்னால் எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

ஒரு மெஸ்ஸிலிருந்து தொடங்குவோம்

எங்கள் பேருந்து நிலையத்துப் பக்கம் ஒரு மெஸ் இருந்தது. நடத்தியவர் ஒரு பெரியவர். வந்தவர் வயிறு நிறையாமல் எழுந்திரிக்கக் கூடாது என்பது அவருடைய பிடிவாதம். அதை நீல பெயிண்டில் பலகையாகவே எழுதி மாட்டியிருந்தார்: "முழுச் சாப்பாடு. சோறு, குழம்பு, ரசம், மோர் கேட்கும்வரை பரிமாறப்படும்." கடலூரிலிருந்து வருகிற லாரிக்காரர்கள், வழியில் எத்தனையோ கடை இருந்தும், பசியைப் பிடித்துக்கொண்டு இங்கே வந்து சாப்பிடுவார்கள். யாரும் அவர்களை இழுத்து வரவில்லை, கமிஷனும் கொடுக்கவில்லை.

அப்புறம் பெரியவருக்கு உடம்பு முடியாமல் போய், கடையை வேறொருவருக்குக் குத்தகைக்கு விட்டார். பலகை அப்படியே இருந்தது, ஒரு எழுத்துகூட மாறவில்லை. ஆனால் மூன்றாவது தடவை சோறு கேட்டால் பரிமாறுகிறவர் வாளியைக் கொஞ்சம் சாய்த்து, கரண்டியின் நுனியில் எடுத்துப் போட்டுவிட்டு, நாம் வாயைத் திறப்பதற்கு முன்பே "போதுங்களா?" என்பார். அந்தக் கேள்விக்குப் "போதும்" என்பதைத் தவிர வேறு பதில் சொல்ல முடியாது. ஆறே மாதத்தில் லாரிகள் வேறு கடை முன்னால் நிற்க ஆரம்பித்தன.

பெரியவரின் நம்பிக்கை, அவர் மாட்டிய பலகை, கடலூர் வரை பரவிய பேர். இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சித்தாந்தம், அரசியலமைப்பு, மென்சக்தி என்ற மூன்றுக்கும் உள்ள உறவு கிட்டத்தட்ட இதுதான்.

அரசுச் சித்தாந்தம்

ஒரு அரசு "நான் எதற்காக இருக்கிறேன், எது நல்ல சமூகம்" என்ற கேள்விகளுக்கு வைத்திருக்கும் பதில்களின் தொகுப்புதான் அரசுச் சித்தாந்தம். இது இல்லாத அரசு கிடையாது. சில நாடுகள் அதற்குப் பெயர் சூட்டி முன்னால் வைக்கின்றன. இந்தோனேசியா 1945 முதல் 'பஞ்சசீல' என்ற ஐந்து கொள்கைகளைத் தன் அரசியலமைப்பின் முகப்புரையிலேயே வைத்திருக்கிறது. சீனா தன்னைச் சோசலிச அரசு என்று முதல் பிரிவிலேயே சொல்கிறது. 2018இல் கம்யூனிஸ்ட் கட்சியின் தலைமையையும் அதே பிரிவில் சேர்த்தார்கள். ரஷ்யா இதற்கு நேர் எதிர். அதன் 1993ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 13ஆம் பிரிவு, எந்தச் சித்தாந்தத்தையும் அரசுச் சித்தாந்தமாக நிறுவ முடியாது என்கிறது. அப்படி எழுதிவிட்டதாலேயே ரஷ்ய அரசுக்குச் சித்தாந்தம் இல்லாமல் போய்விட்டதா என்றால், இல்லை.

நமக்கும் இருக்கிறது, தம்பி. நம் முகப்புரையை எடுத்துப் படித்துப் பார். இறையாண்மை, மக்களாட்சி, குடியரசு, நீதி, சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம். 1976இல் 42ஆவது திருத்தத்தில் 'சோசலிச', 'மதச்சார்பற்ற' என்ற சொற்களும் சேர்ந்தன. இதற்கெல்லாம் வேறு பெயர் கிடையாது, இதுவும் சித்தாந்தம்தான். என்ன, இதற்குள் பல கட்சிகள் சண்டை போட இடம் இருக்கிறது. அந்த இடம் இருப்பதும் இந்தச் சித்தாந்தத்தின் ஒரு பகுதி.

அரசியலமைப்பு

மெஸ்ஸின் பலகைதான் இது, ஆனால் கொஞ்சம் கூடுதல் பலம் உள்ள பலகை. அரசியலமைப்பு என்பது நாட்டின் மற்ற சட்டங்களுக்கெல்லாம் மேலான அடிப்படைச் சட்டம். யார் ஆள்வது, எப்படி ஆள்வது, எதைச் செய்யவே கூடாது என்று அது வகுக்கிறது. மெஸ் பலகையைக் காட்டி வழக்குப் போட முடியாது, அரசியலமைப்பைக் காட்டிப் போடலாம். அதாவது, போட முடிகிற நாடுகளில் போடலாம். அந்த வேறுபாடு பெரியது. நீதிமன்றம் அரசுக்கு எதிராகத் தீர்ப்புச் சொல்ல முடியாத ஊரில், எவ்வளவு அழகான அரசியலமைப்பும் பெயிண்ட் அடித்த பலகையோடு நின்றுவிடும்.

மென்சக்தி

இந்தச் சொல்லை 1990இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்கப் பேராசிரியர் ஜோசப் நை. அடுத்தவரை நமக்கு வேண்டியபடி நடக்க வைக்க மூன்று வழி உண்டு: மிரட்டலாம், காசு கொடுக்கலாம், அல்லது அவரே விரும்பி வரும்படி செய்யலாம். முதல் இரண்டும் வன்சக்தி, மூன்றாவது மென்சக்தி. அது மூன்று இடங்களிலிருந்து வரலாம் என்றார் நை: பண்பாடு, அரசியல் விழுமியங்கள், வெளியுறவுக் கொள்கை. முக்கியமாக, விழுமியங்களைச் சொன்னால் மட்டும் போதாது, உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் அவற்றின்படி நடந்தால்தான் ஈர்ப்பு உண்டாகும் என்பது அவருடைய நிபந்தனை.

நம் விவாதங்களில் விட்டுப்போவது இதுதான். யோகா தினத்துக்கு 2014இல் ஐநாவில் 177 நாடுகள் கூட்டாக முன்மொழிந்தன. அது பெருமைதான், ஆனால் மூன்று ஊற்றுகளில் முதல் ஊற்று மட்டும். சினிமா, இட்லி, பரதநாட்டியம் எல்லாம் அதே கணக்கில்தான் வரும்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கமாகச் சொன்னால்: சித்தாந்தம் அரசின் நம்பிக்கை, அரசியலமைப்பு அந்த நம்பிக்கையைச் சட்டமாக்கிய வாக்குறுதி, மென்சக்தி அந்த வாக்குறுதியையும் நடப்பையும் ஒப்பிட்டுப் பார்க்கிற வெளியாள் மனதில் உண்டாகிற ஈர்ப்பு. அது உண்டாகிற இடம் அடுத்தவர் மனது என்பதால், எந்த அரசும் உத்தரவு போட்டு அதை வரவழைக்க முடியாது.

மாஸ்கோவிலிருந்து வந்த தமிழ்ப் புத்தகங்கள்

நாற்பது வயதுக்கு மேற்பட்ட தமிழ் வாசகர் பலருடைய வீட்டில் ஒரு சோவியத் புத்தகமாவது இருந்திருக்கும். கெட்டி அட்டை, வழவழத் தாள், வண்ணப் படம், மாஸ்கோ முன்னேற்றப் பதிப்பகம் என்று உள்ளே அச்சு. சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். உக்ரைன் நாட்டுப்புறக் கதையும் இயற்பியலும் எனக்கு அப்படித்தான் வந்து சேர்ந்தன. அந்தத் தாளின் வாசனை இன்னும் நினைவில் இருக்கிறது. இவ்வளவு தூரத்திலிருக்கும் ஒரு அரசு நம் மொழியில் நம் பிள்ளைகளுக்குப் புத்தகம் போட்டு அனுப்பியது என்றால், மென்சக்திக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

ஆனால் பலகைக்கு வருவோம். சோவியத்தின் 1977ஆம் ஆண்டு அரசியலமைப்பில் 72ஆம் பிரிவு, எந்தக் குடியரசும் ஒன்றியத்திலிருந்து சுதந்திரமாக விலகிப் போகலாம் என்றது. அதே புத்தகத்தின் 6ஆம் பிரிவு, கம்யூனிஸ்ட் கட்சியே சமூகத்தை வழிநடத்தும் சக்தி என்றது. இரண்டும் மோதினால் எது ஜெயிக்கும்? 1990 மார்ச்சில் லித்துவேனியா தன் சுதந்திரத்தை அறிவித்தது. சோவியத் அரசு முதலில் பொருளாதார முற்றுகை போட்டது, 1991 ஜனவரியில் அதன் தலைநகர் வில்னியஸ் தெருக்களில் டாங்கிகளை இறக்கியது. அதற்கு முன்பே, 1968இல், செக்கோஸ்லோவாகியத் தலைநகர் பிராகாவில் நுழைந்த சோவியத் டாங்கிகள் ஐரோப்பாவின் எத்தனையோ கம்யூனிஸ்டுகளையே மனம் வெறுக்க வைத்திருந்தன.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அந்தப் புத்தகங்கள் மேல் நமக்கு இருந்த பிரியம் இன்றும் குறையவில்லை. பண்பாடு என்ற ஊற்று வற்றவே இல்லை, விழுமியம் என்ற ஊற்றுதான் வற்றிப்போனது. ஒரு நாட்டின் கதைகளை நேசிப்பவர் அந்த நாட்டு அரசு மாதிரி நமக்கும் ஒரு அரசு வேண்டும் என்று கேட்பார் என்பது இல்லை. சீனா 2004 முதல் உலகெங்கும் கன்ஃபூசியஸ் நிறுவனங்களைத் திறந்தபோது நடந்ததும் இதை ஒட்டியதே. மொழி படிக்க மாணவர்கள் ஆர்வமாகத்தான் வந்தார்கள். ஆனால் எதைப் பேசலாம், எதைப் பேசக் கூடாது என்ற கேள்வி எழுந்ததும் அமெரிக்காவிலும் ஸ்வீடனிலும் பல மையங்கள் மூடப்பட்டன.

அடுத்தவர் பார்வை உள்ளூர்ச் சட்டத்தை அசைக்கும்

இந்த உறவு ஒரு திசையில் மட்டும் ஓடுவதில்லை. அமெரிக்காவில் கறுப்பினப் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளிக்கூடம் என்று இருந்த காலத்தில், அமெரிக்க அரசு உலகம் பூராவும் சுதந்திரம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் புதிதாக விடுதலை பெற்றவர்கள் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். இந்தத் தனிப் பள்ளிகளை எதிர்த்துப் போட்ட பிரௌன் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தபோது, 1952 டிசம்பரில் அமெரிக்க நீதித் துறையே ஒரு மனு கொடுத்தது: இனப் பாகுபாடு வெளிநாடுகளில் நம் பெயரைக் கெடுக்கிறது, கம்யூனிஸ்டுகளின் பிரச்சாரத்துக்குத் தீனி போடுகிறது என்று அதில் எழுதியிருந்தார்கள். 1954 மே 17இல் தனிப் பள்ளிகள் அரசியலமைப்புக்கு எதிரானவை என்று தீர்ப்பு வந்தது. அதற்காகப் பல பத்தாண்டுகள் போராடிய கறுப்பின மக்களின் உழைப்பே முதற்காரணம், அதை யாரும் குறைக்க முடியாது. ஆனால் வெளியார் பார்வை என்ற அழுத்தமும் அந்த மேசையில் இருந்தது.

அரசியலமைப்பே ஒரு நாட்டின் மென்சக்தியாக எல்லை தாண்டிப் போவதும் உண்டு. கேரளத்து மடாதிபதி கேசவானந்த பாரதி போட்ட வழக்கில், 1973 ஏப்ரல் 24 அன்று 13 நீதிபதிகள் அமர்வில் 7 பேர் ஒரு பக்கம், 6 பேர் மறுபக்கம் என்ற கணக்கில், நாடாளுமன்றம் அரசியலமைப்பைத் திருத்தலாம், ஆனால் அதன் அடிப்படைக் கட்டமைப்பை உடைக்க முடியாது என்று தீர்ப்பானது. 1989இல் வங்கதேச உச்ச நீதிமன்றம் இதே கோட்பாட்டை ஏற்றுத் தன் நாட்டு அரசியலமைப்பின் ஒரு திருத்தத்தை ரத்து செய்தது. இதற்காக டில்லி அங்கே ஒரு ரூபாய் செலவழிக்கவில்லை, ஒரு விழாவும் நடத்தவில்லை. யோகாவைப் பற்றிப் பேசும் அளவுக்கு நாம் இதைப் பற்றிப் பேசுவதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

ஆக, வாக்குறுதிக்கும் நடப்புக்கும் இடைவெளி கூடினால் ஈர்ப்பு குறையும். அந்தக் குறைவு சில நேரம் திரும்ப வந்து சட்டத்தையே மாற்றும். வாக்குறுதி ஓரளவு காப்பாற்றப்பட்டால், யாரும் அனுப்பாமலே அது அடுத்த நாட்டுக்குப் போய்ச் சேரும்.

இப்போது நம் ஊர்

புதுச்சேரிக்காரர்களுக்கு இதையெல்லாம் புத்தகத்தில் படிக்க வேண்டிய அவசியமே இல்லை. தெருவில் இறங்கினால் போதும். காவலர் தலையில் கெப்பி என்கிற சிவப்புப் பிரெஞ்சுத் தொப்பி, கடற்கரையில் பிரெஞ்சுப் போர் நினைவுச் சின்னம், ஜூலை 13 ராத்திரி விளக்கேந்திய ஊர்வலம். 1826இல் தொடங்கிய லிசே என்ற பிரெஞ்சுப் பள்ளி இன்னும் நடக்கிறது. பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1955இல் திறக்கப்பட்டது. அதாவது, ஆட்சியைக் கொடுத்துவிட்ட பிறகு! அங்கே சேகரித்த சைவ சித்தாந்தச் சுவடிகள் 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றன. தன் பெருமையைக் காட்டுவதைவிட நம் சுவடியை அக்கறையோடு பார்த்துக்கொள்வது அதிக மரியாதையைத் தேடித் தரும் என்பதைப் பிரான்ஸ் புரிந்துகொண்டிருந்தது. பிரெஞ்சு பேசும் மக்களோடு ஒத்துழைப்பை வளர்ப்பதை அதன் அரசியலமைப்பே, 87ஆம் பிரிவில், அரசின் வேலையாக எழுதி வைத்திருக்கிறது. மென்சக்தியை இவ்வளவு நேராகப் பலகையில் எழுதிய நாடுகள் குறைவு.

சரி, ஆட்சி எப்படிக் கைமாறியது? பிரான்சின் 1946ஆம் ஆண்டு அரசியலமைப்பில் 27ஆம் பிரிவு, சம்பந்தப்பட்ட மக்களின் ஒப்புதல் இல்லாமல் எந்த நிலப்பகுதியையும் விட்டுக்கொடுப்பது செல்லாது என்றது. ஆகவே பாரிசே நினைத்தாலும் சும்மா கையெழுத்துப் போட்டுவிட்டுப் போக முடியாது. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவோடு இணைய, 8 பேர் எதிராக. நவம்பர் 1இல் நிர்வாகம் கைமாறியது. ஏட்டில் இருந்த ஒரு பிரிவுதான் வில்லியனூர் பக்கத்துக் கிராமம் ஒன்றில் அந்த வாக்குப்பெட்டியை வைத்தது.

இதை மென்மையான கதையாக மட்டும் சொன்னால் பொய்யாகிவிடும். அந்த ஆண்டு மே மாதம் வியட்நாமின் தியன் பியன் பூவில் பிரெஞ்சுப் படை தோற்றிருந்தது. இந்தியா எல்லையில் கெடுபிடி காட்டியது. பிரெஞ்சுப் பகுதிகளான ஏனாமும் மாஹேயும் ஏற்கெனவே கையை விட்டுப் போயிருந்தன. சட்டப்படியான ஒப்படைப்புக்குப் பிரெஞ்சு நாடாளுமன்றம் 1962 வரை காக்க வைத்தது. அதற்கும் முன்னால், 1936 ஜூனில் பாரிசில் தொழிலாளிக்கு 40 மணி நேர வாரம் சட்டமானபோது, இங்கே வேலை நேரத்தைக் குறைக்கக் கேட்டுப் போராடிய பஞ்சாலைத் தொழிலாளர்களை ஜூலை 30இல் சுட்டார்கள். 12 பேர் செத்தார்கள். நினைவுச் சின்னத்தில் விளக்கேந்துவதும் தியாகிகளுக்கு அஞ்சலி செலுத்துவதும் நம் ஊரில் ஒரே மாதத்தில்தான் வருகின்றன. சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்ற பலகை பாரிசில் இருந்தது. முதலியார்பேட்டை ஆலை வாசலுக்கு அது வந்து சேரவில்லை.

அந்த மூன்று சொல் யாருடையது என்பதிலும் ஒரு விஷயம் உண்டு. கீழூர் வாக்கெடுப்புக்கு 15 நாள் முன்பு, 1954 அக்டோபர் 3 அன்று வானொலியில் பேசிய அம்பேத்கர், சுதந்திரமும் சமத்துவமும் சகோதரத்துவமும் தன் தத்துவம் என்றார். ஆனால் அதைப் பிரெஞ்சுப் புரட்சியிடமிருந்து கடன் வாங்கவில்லை, புத்தரிடமிருந்து பெற்றேன் என்றும் சொன்னார். வியட்நாமில் ஹோ சி மின் 1945 செப்டம்பர் 2 அன்று விடுதலையை அறிவித்தபோது பிரெஞ்சு மனித உரிமைப் பிரகடனத்தையே மேற்கோள் காட்டி, அதைக் கொண்டே பிரான்சைக் கேள்வி கேட்டார். வாக்குறுதியை ஊர் அறிய எழுதி மாட்டினால், எதிரில் நிற்பவரும் அதைப் படிப்பார்.

அந்த 1946 அரசியலமைப்பின் முகப்புரை, எந்த மக்களின் சுதந்திரத்துக்கும் எதிராகப் பிரான்ஸ் ஒருபோதும் தன் படையைப் பயன்படுத்தாது என்றது. அரசியலமைப்பின் தேதி அக்டோபர் 27. நவம்பர் 23 அன்று பிரெஞ்சுக் கப்பல்கள் வியட்நாமின் ஹாய்ஃபாங் நகரத்தின் மேல் குண்டு பொழிந்தன. ஒரு மாதம்கூட ஆகவில்லை.

இன்னொரு தேதியைப் பாருங்கள். புதுச்சேரியில் நிர்வாகம் அமைதியாகக் கைமாறிய அதே 1954 நவம்பர் 1 அன்றுதான் அல்ஜீரியாவில் பிரெஞ்சு ஆட்சிக்கு எதிரான போர் தொடங்கியது. அதே அரசு, அதே அரசியலமைப்பு, அதே மூன்று சொல் பலகை. இங்கே, தாமதமாகவும் தயக்கத்தோடும் என்றாலும், ஒப்புதல் கேட்டார்கள். அங்கே ஏழு ஆண்டுக்கு மேல் போர் நடந்தது.

நான் சின்னப் பையனாக இருந்தபோது எங்கள் தெருவில் ஒரு சொல்தா தாத்தா இருந்தார். பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்களை இங்கே அப்படித்தான் சொல்வோம். ஜூலை 14 காலையில் பதக்கங்களைத் துடைத்து மாட்டிக்கொண்டு அவர் கடற்கரைக்குக் கிளம்பினால், திண்ணையில் உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்து நிற்பார்கள். அவர் கொஞ்ச காலம் அல்ஜீரியாவில் இருந்தவர். ஒரு நாள் என்னிடம் சொன்னார்: "ஓரான்ல விடியக்காலைல ரொட்டி வாங்கப் போவேன்டா. நான் தமிழன், அவனை மாதிரியே கறுப்பா இருக்கேன். யூனிஃபார்மப் பாத்ததும் கடைக்காரன் கதவச் சாத்திடுவான். காச முன்னாடியே எடுத்துக் கையில வெச்சிருப்பேன், அப்பவும் சாத்துவான்."